கிட் காரில் செக் இன்ஜின் விளக்கு: பொய்க் குறியீட்டை இனம் காண்பது எப்படி?

கிட் காரின் டாஷ்போர்டில் எரியும் செக் இன்ஜின் விளக்கைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு தீர்ப்புகள் தவறாமல் காதில் விழும். ஒன்று: “ஸ்கேனரில் பி0420 குறியீடு வந்துவிட்டதா? கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போச்சு, மாற்றிவிடு.” இன்னொன்று: “கிட் கார்தானே, விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், கண்டுகொள்ளாதே.” முதல் தீர்ப்பைக் கேட்டவர் நல்ல பாகத்தைக் கழற்றி எறிகிறார். இரண்டாவதைக் கேட்டவர், இன்ஜின் உண்மையிலேயே கெடும்போதும் கவலைப்படாமல் ஓட்டுகிறார். அந்த விளக்கு எதைப் பார்த்து எரிகிறது என்று இருவருமே கேட்பதில்லை.

அதைக் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. கார் மெக்கானிசம் தெரியாதவரும் பின்தொடரும்படி, அடியிலிருந்து தொடங்குவோம்.

கிட் கார் என்பது எது?

பாகங்களாக வாங்கி, வீட்டுக் கொட்டகையில் நாமே பூட்டிக்கொள்ளும் கார்தான் கிட் கார். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதில் ஈடுபாடு கொண்டவர்கள் ஏராளம். பிரிட்டனில் 1957-இல் வந்த லோட்டஸ் செவன் இந்த வகையில் பெயர் பெற்றது. முழுக் காராக வாங்கினால் அப்போது கொள்முதல் வரி உண்டு; பாகங்களாக வாங்கினால் கிடையாது. அதனால் பலர் கிட்டாக வாங்கிப் பூட்டினார்கள். 1973-இல் அந்த மாடலின் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் நிறுவனம் அதன் வழிவந்த கார்களை இன்றும் விற்கிறது. அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து வேர்ஹாம் ஊரிலுள்ள ஃபேக்டரி ஃபைவ் இதில் பெரிய பெயர்.

கிட் நிறுவனம் சேஸிஸும் பாடியும் கொடுக்கும். இன்ஜின், கியர்பாக்ஸ், ஒயரிங் போன்றவை பெரும்பாலும் வேறொரு காரிலிருந்து வரும். அப்படிக் கொடுத்த காரை இங்கே ‘தாய்க் கார்’ என்று சொல்கிறேன். ஃபேக்டரி ஃபைவின் 818 என்ற காருக்குத் தாய்க் கார், 2002 முதல் 2007 வரையிலான சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ். சுபாருவில் முன்னால் இருந்த இன்ஜின் 818-இல் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. நான்கு சக்கரங்களுக்கும் போன இழுவை பின் சக்கரங்களோடு நின்றுவிடுகிறது. சுபாருவின் எடை சுமார் 1,400 கிலோ. புதிய காருக்கு வைத்த இலக்கு அதன் பெயரிலேயே இருக்கிறது, 818 கிலோ. இவ்வளவு மாறியும், இன்ஜினோடு கூடவே வந்த கம்ப்யூட்டருக்கு இதில் எதுவும் தெரியாது. அது இன்னும் சுபாருவுக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது.

பழைய பதிவேட்டோடு வந்த ஆசிரியர்

இன்ஜினை நடத்தும் அந்தக் கம்ப்யூட்டருக்கு இசியு என்று பெயர். எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எந்தக் கணத்தில் தீப்பொறி வர வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது அதுதான். கூடவே, ஒவ்வொரு பாகமும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஓயாமல் சோதித்துக்கொண்டும் இருக்கிறது.

வேறு ஊர்ப் பள்ளியிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவர், பழைய பள்ளியின் வருகைப் பதிவேட்டை வைத்தே பெயர் கூப்பிடுகிறார் என்று வையுங்கள். கூப்பிட்ட பெயருக்குப் பதில் இல்லை; ‘வரவில்லை’ என்று குறிக்கிறார். அவர் பொய் எழுதவில்லை. கூப்பிட்டார், பதில் வரவில்லை, அவ்வளவுதான். அந்தப் பையன் இந்தப் பள்ளியில் சேரவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. இன்னொரு பையன் வகுப்பில்தான் இருக்கிறான், ஆனால் வெளியே லாரி சத்தத்தில் பெயர் காதில் விழவில்லை. அவனுக்கும் அதே குறி. உண்மையாகவே காய்ச்சலில் படுத்திருப்பவனுக்கும் அதே குறிதான். பதிவேட்டை மட்டும் பார்த்தால் மூவரையும் பிரித்துச் சொல்ல முடியாது.

கிட் காரின் குறியீடுகளும் இந்த மூன்று வகைக்குள் அடங்கிவிடும். பாகமே இல்லாததால் வருவது, பாகம் நன்றாக இருந்தும் அளவு தவறாகப் போய்ச் சேருவதாலோ வேறு காரின் கணக்கோடு ஒப்பிடப்படுவதாலோ வருவது, உண்மையான பழுதால் வருவது. முதல் இரண்டையும்தான் பொய்க் குறியீடு என்கிறோம். சோதனை தோற்றது உண்மை. அதிலிருந்து ‘இந்தப் பாகம் கெட்டுவிட்டது’ என்று நாம் முடிவுகட்டுவதுதான் பொய்.

குறியீடு எப்படிப் பிறக்கிறது?

1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் ஓபிடி 2 என்ற பொதுவான சோதனை முறை கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் வந்தது. இசியுவின் பதிவுகளை வாசிக்கும் கருவியான ஸ்கேனரைச் செருகினால் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்ட குறியீடு கிடைக்கும். மெக்கானிக்குகள் எரர் கோடு என்பது இதைத்தான். பி என்று தொடங்கினால் இன்ஜின், கியர்பாக்ஸ் சங்கதி. யு என்று தொடங்கினால் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில் சிக்கல். அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு. 1 என்றால் அந்தக் கார் நிறுவனத்துக்கே உரியது.

இசியுவுக்குக் கண்ணும் காதும் கிடையாது. அதற்குத் தெரிவதெல்லாம் ஒயர்களில் வரும் வோல்டேஜ் மட்டுமே. இன்ஜின் தண்ணீரின் வெப்பத்தை அளக்கும் சென்சாரை எடுத்துக்கொள்வோம். சென்சார் என்பது வெப்பம், அழுத்தம் போன்ற ஒன்றை மின்சார அளவாக மாற்றித் தரும் சிறு கருவி. இந்தச் சென்சாருக்குள் இருப்பது, சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு துண்டு. இசியு 5 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக அனுப்பி, சென்சார் முனையில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்க்கிறது. குளிர்ந்த இன்ஜினில் அது அதிகமாக நிற்கும், சூடான இன்ஜினில் குறைவாக. ஒயர் அறுந்தால் முழு 5 வோல்ட்டும் நிற்கும். இசியுவுக்கு அது தாங்க முடியாத துருவக் குளிர் போலத் தெரியும். அப்படி ஒரு குளிர் சாத்தியமில்லை என்று அதன் நினைவில் எழுதப்பட்டிருப்பதால், குறியீடு பதிவாகிறது.

பல சோதனைகளில் ஒருமுறை தோற்றவுடன் விளக்கு எரிவதில்லை. முதல் தடவை, ‘நிலுவைக் குறியீடு’ என்று தனியே எழுதிவைக்கும். அடுத்த ஓட்டத்திலும் அதே சோதனை தோற்றால்தான் விளக்கு. விளக்குக்குக் காரணமான குறியீடு பதிவாகும்போது வேகம், இன்ஜின் சுற்று, தண்ணீர் வெப்பம் எல்லாம் எவ்வளவு இருந்தன என்பதையும் சேர்த்துச் சேமிக்கிறது. ‘ஃப்ரீஸ் ஃபிரேம்’ என்று ஸ்கேனரில் வரும் பக்கம் அதுதான். இதைப் பார்க்காமலே குறியீட்டை அழிப்பவர்களைக் கண்டால் எனக்கு மனசு பதறும். துப்பறிய இருந்த ஒரே சாட்சியத்தை அவர்கள் துடைத்துவிடுகிறார்கள்.

சுருக்கமாக: இசியு வோல்டேஜை மட்டும் பார்க்கிறது. அதைத் தாய்க் காரின் கணக்கோடு ஒப்பிடுகிறது. ஒத்துவராவிட்டால் குறியீடு. ஆகவே குறியீட்டைப் பாகத்தின் பெயராக வாசிக்காமல், தோற்றுப்போன சோதனையின் பெயராக வாசிக்க வேண்டும்.

இல்லாத பாகத்தைத் தேடும் சோதனைகள்

இந்த வகை எளிது, சீக்கிரம் முடித்துவிடலாம். தாய்க் காரில் பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் பிடித்துவைக்கும் ஓர் ஏற்பாடு உண்டு: டேங்கிலிருந்து வரும் ஆவி கரி நிரப்பிய டப்பாவில் தங்கி, பிறகு ஒரு வால்வு வழியாக இன்ஜினுக்குள் போய் எரிந்துவிடும். ஈவாப் என்பார்கள். இந்த அமைப்பில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று இசியு அழுத்தத்தை வைத்துச் சோதிக்கும். 2000-க்குப் பிந்தைய பல அமெரிக்கக் கார்களில் அரை மில்லிமீட்டர் ஓட்டையைக்கூட அது கண்டுபிடித்துவிடும். கிட் காரில் டேங்க் வேறு, மூடி வேறு, பல சமயம் கரி டப்பாவே இருக்காது. அப்புறம் பி0440 முதல் பி0457 வரையிலான குறியீடுகள் ஒன்று மாற்றி ஒன்று வருவதில் வியப்பில்லை.

ஆனால் ‘இல்லாத பாகம்’ என்ற பேரில் உண்மையான தொந்தரவும் ஒளிந்திருக்கும். சில தாய்க் கார்களில் கியர்பாக்ஸிலுள்ள வேக சென்சாரின் சிக்னல் முதலில் டாஷ்போர்டு மீட்டருக்குப் போய், அங்கிருந்துதான் இசியுவுக்கு வரும். அழகுக்காக வேறு மீட்டர் மாட்டினால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். வருவது பி0500. வண்டி ஓடுவதே தெரியாத இசியு, வேகம் குறைத்து வண்டியை நிறுத்தப் போகும்போது, ஆக்சிலேட்டரை மிதிக்காத நேரத்தில் இன்ஜின் சுற்றும் ஐடில் வேகத்தைச் சரியாகப் பிடிக்காமல் இன்ஜினை அணைய விடலாம். இந்தக் குறியீட்டைப் பொய் என்று தள்ளக் கூடாது. சிக்னலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அதே டாஷ்போர்டில் இன்னொரு சங்கதி. இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டுவது ஆல்டர்னேட்டர். பல பழைய ஆல்டர்னேட்டர்கள் சார்ஜ் செய்யத் தொடங்குவதற்கான சிறு மின்சாரம் பேட்டரி விளக்கின் பல்பு வழியாகத்தான் போகும். பல்பைத் தூக்கிவிட்டால் சார்ஜே ஏறாது. வோல்டேஜ் சரிந்து, சம்பந்தமில்லாத குறியீடுகள் வரிசையாக வரும்.

எர்த் சரியில்லாத கார் சொல்லும் பொய்கள்

கிட் காரில் நேரம் தின்னும் பொய்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன என்பது என் கருத்து. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் மின்சாரம் விளக்கு, ஃபேன், இன்ஜின் எல்லாவற்றையும் ஓட்டிவிட்டுத் திரும்பி வர வேண்டும். சாதாரணக் காரில் அந்தத் திரும்பும் வழி, காரின் இரும்பு உடம்பேதான். மெக்கானிக்குகள் சொல்லும் ‘பாடி எர்த்’ இதுதான். எங்கே ஒரு போல்ட் போட்டாலும் எர்த் கிடைத்துவிடும். கிட் காரிலோ பாடி பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ். அதில் மின்சாரம் பாயாது. அடியிலுள்ள குழாய்ச் சட்டம் இரும்புதான், ஆனால் துருப்பிடிக்காமல் இருக்கப் பவுடர் கோட்டிங் போட்டிருப்பார்கள். அந்தப் பூச்சும் மின்சாரத்தைத் தடுக்கும். எர்த் ஒயரின் வளையத்தைப் பூச்சின் மேலேயே வைத்து முறுக்கினால் போல்ட்டின் மரை வழியாக மட்டும் அரைகுறையாகத் தொடர்பு கிடைக்கும்.

அரைகுறைத் தொடர்பு என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள எர்த் பட்டையில் 0.01 ஓம் தடை இருக்கிறது. கேட்டால் ஒன்றுமே இல்லை போலத்தான் தோன்றும். ராத்திரி ஹெட்லைட் போட்டிருக்கிறீர்கள், 10 ஆம்பியர். டிராஃபிக்கில் ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறது, 20 ஆம்பியர். ஆக 30 ஆம்பியர் அந்தப் பட்டை வழியாக ஆல்டர்னேட்டருக்குத் திரும்புகிறது. 30-ஐ 0.01-ஆல் பெருக்கினால் 0.3 வோல்ட். அதாவது, இன்ஜினின் உலோக உடம்பான பிளாக்கும் சட்டமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டியது போய், பிளாக் 0.3 வோல்ட் கீழே இறங்கிவிட்டது.

12 வோல்ட் விளக்குக்கு 0.3 வோல்ட் பெரிதல்ல. ஆனால் ஆக்சிஜன் சென்சாருக்கு அது மலை. புகைக்குழாயில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து, பெட்ரோல் கூடுதலா குறைவா என்று சொல்லும் சென்சார் அது. அதன் சாதாரண வகை, பெட்ரோல் கூடுதலாக இருந்தால் 0.8 வோல்ட் அளவில் காட்டும். குறைவாக இருந்தால் 0.1 அளவில். நடுக்கோடு 0.45. பழைய ஒற்றை ஒயர் சென்சார்களுக்கு எர்த், புகைக்குழாய் வழியாக இன்ஜின் பிளாக்கேதான். இசியுவின் எர்த்தோ சட்டத்தில் இருக்கிறது. சென்சார் 0.7 என்று சொன்னால் இசியுவுக்கு 0.4 என்று கேட்கிறது. பெட்ரோல் போதாது என்று நினைத்து இன்னும் தெளிக்கிறது. தெளித்துத் தெளித்து, திருத்தத்தின் எல்லைக்கே போனதும் ‘கலவையில் பெட்ரோல் குறைவு’ என்று எழுதிவைக்கிறது. ஓபிடி 2 மொழியில் அது பி0171. உண்மையில் இன்ஜின் பெட்ரோலில் மூழ்கிக்கொண்டிருக்கிறது!

நான்கு ஒயர் சென்சார்களில் எர்த்துக்குத் தனி ஒயர் இசியு வரை ஓடுவதால் இந்த வம்பு குறைவு. ஆனால் ஒயரிங்கைக் குறைத்து எடையை மிச்சப்படுத்தும் ஆர்வத்தில் அந்தத் தனி ஒயரை வெட்டி, பக்கத்து போல்ட்டில் கட்டிவிடுபவர்கள் உண்டு. பல ஜப்பானியக் கார்களில் இசியுவின் எர்த் ஒயரையே கொண்டுபோய், இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டில் போல்ட் போட்டிருப்பார்கள். இசியுவும் சென்சார்களும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. இடம் அழகாக இல்லை என்று அதைச் சட்டத்துக்கு மாற்றினால், மேலே சொன்ன கணக்கு உங்கள் காருக்கும் வந்துவிடும்.

கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். இன்ஜின் ஓடட்டும்; ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போட்டுவிடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் தூணிலேயே அழுத்துங்கள். அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப் மேல் வைக்காதீர்கள், தளர்ந்த கிளாம்பையும் இந்தச் சோதனை பிடிக்க வேண்டும். சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில் தொடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. மைனஸ் குறியோடு 0.28, 0.31 என்று ஆடினால் திருடன் அகப்பட்டான். ஃபேன் நிற்கும்போது எண் சட்டென்று இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஃபேனை நிறுத்தியதும் ஸ்கேனரில் பெட்ரோல் திருத்தமும் மெல்ல இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

ஓம் அளவில் வைத்துப் பார்த்தாலே போதாதா என்று கேட்பார்கள். போதாது. பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒன்று மிச்சமிருந்தாலும் ஓம் மீட்டர் ‘தொடர்பு உண்டு’ என்றே சொல்லும். பாரம் ஏற்றி ஓட்டினால்தான் குறை தெரியும்.

சரிசெய்வது செலவில்லாத வேலை. எர்த் போல்ட்டைச் சுற்றியுள்ள பூச்சை உப்புத்தாளால் பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே வாசலின் தடவினால் துரு அண்டாது. இன்ஜினிலிருந்து பேட்டரி மைனஸுக்கு நேராக ஒரு தடித்த கேபிள் போடுவது இன்னும் உத்தமம்.

மிஸ்ஸிங் அடிக்காத இன்ஜினில் மிஸ்ஃபயர் குறியீடு

ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போவதுதான் மிஸ்ஃபயர். நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் ‘மிஸ்ஸிங் அடிக்குது’ என்பது. இதை அளக்கத் தனிச் சென்சார் கிடையாது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டோடு சேர்ந்து ஒரு பல் சக்கரம் சுழலும். ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்கும் நேரத்தை இசியு அளக்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் அரைச் சுற்றுக்கு ஒருமுறை ஒரு சிலிண்டர் எரியும். ஐடிலில் 800 சுற்று என்றால் 37.5 மில்லி செகண்டுக்கு ஒருமுறை. 6,000 சுற்றில் 5 மில்லி செகண்டுக்கு ஒருமுறை. ஒன்று எரியாமல் போனால் அந்த அரைச் சுற்று துளி மெதுவாகும். அந்தத் துளித் தாமதத்தைப் பார்த்துத்தான் பி0300 அல்லது அந்தந்தச் சிலிண்டரின் எண்ணோடு பி0301, பி0302 என்று எழுதுகிறது.

எவ்வளவு தாமதம் என்றால் பழுது என்ற அளவை, தாய்க் காரின் கனமான ஃப்ளைவீலை வைத்துத் தீர்மானித்திருக்கிறார்கள். கிராங்க் ஷாஃப்டின் முனையில் சுழன்று அதன் குலுக்கலைத் தணிக்கும் கனத் தட்டுதான் ஃப்ளைவீல். கிட் காரில் சீறிப் பாய வேண்டும் என்று இலேசான ஃப்ளைவீல் போடுவது வழக்கம். அப்போது நன்றாக எரியும் இன்ஜினிலேயே ஒவ்வொரு எரிப்புக்கும் நடுவே வேகம் அதிகமாக ஏறி இறங்கும். இசியு அதை மிஸ்ஃபயர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மேடு பள்ளமான சாலையும் இதே வேலையைச் செய்யும். சக்கரம் குழியில் விழுந்து எழும்போது அந்த உதறல் கியர்பாக்ஸ் வழியாகக் கிராங்க் ஷாஃப்ட்டைத் தொடும். பல கார்களில் ஏபிஎஸ் பிரேக்கின் சக்கர வேக அளவைப் பார்த்து ‘சாலை மோசம், இப்போது மிஸ்ஃபயர் கணக்கெடுக்க வேண்டாம்’ என்று இசியு ஒதுங்கிக்கொள்ளும். கிட் காரில் ஏபிஎஸ்ஸே பெரும்பாலும் கிடையாது. ஒதுங்கச் சொல்ல ஆளில்லை.

பொய்யா மெய்யா என்று பிரிக்க, எப்போது வருகிறது என்று பாருங்கள். மிருதுவான நெடுஞ்சாலையில், பாரம் ஏறும்போது, குறிப்பிட்ட ஒரே சிலிண்டரில் வந்தால் மெய் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: தீப்பொறி தரும் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் பாருங்கள். காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றினால் குறியீடும் கூடவே நகர்ந்தால் காயில்தான் பழுது. கரடுமுரடான சாலையில் மட்டும், சிலிண்டர் மாற்றி மாற்றி வந்து, ஓட்டத்தில் துளியும் குலுக்கல் இல்லையென்றால் பொய்யாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு விதிவிலக்கு. விளக்கு நிலையாக எரியாமல் மின்னினால், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே எரித்துவிடும் அளவுக்கு மிஸ்ஃபயர் இருக்கிறது என்று இசியு சொல்கிறது. எந்தக் காராக இருந்தாலும் அந்த நேரத்தில் ஆராய்ச்சி வேண்டாம். காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள்.

இதுவரை பார்த்த மூன்றிலும் பாகங்கள் கெடவில்லை. ஒன்றில் பாகமே இல்லை, ஒன்றில் எர்த் சரியில்லை, ஒன்றில் ஒப்பிடும் அளவுகோல் வேறு காருக்கானது.

பி0420: எல்லாரும் அவசரப்படும் குறியீடு

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்பது புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றிவிடும் பாகம். அதற்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. கன்வெர்ட்டர் ஆக்சிஜனைப் பிடித்துவைத்துச் செலவழிப்பதால், நல்ல கன்வெர்ட்டருக்குப் பின்னாலுள்ள சென்சார் ஆடாமல் 0.6, 0.7 வோல்ட் பக்கத்தில் நிற்கும். அது ஏறி இறங்கிக் குதித்தால் பி0420.

கிட் காரில் அது குதிக்க வேறு காரணங்கள் உண்டு. கையால் வெல்டிங் செய்த குழாயில் ஊசிமுனை ஓட்டை இருந்தால், புகை துடித்துத் துடித்துப் போகும்போது இடையிடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். பின் சென்சாருக்கு ஆக்சிஜன் தெரியும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, சைலன்சர் வாயைத் தடித்த துணியால் ஒரு கணம் லேசாக அடைத்தால் ஓட்டை உள்ள இடத்தில் உஸ் என்று கேட்கும். சூடான குழாயில் இதைச் செய்யாதீர்கள். இன்னொன்று, இடம் போதாமல் கன்வெர்ட்டரை இன்ஜினிலிருந்து தள்ளி வைத்திருப்பது. அது வேலை செய்ய சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். தள்ளிப் போனால் அந்தச் சூடு வரத் தாமதமாகும், சோதனை அதற்குள் நடந்துவிடலாம்.

ஆகவே இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, 2,500 சுற்றில் சில நிமிடங்கள் நிறுத்தி, பின் சென்சாரைப் பாருங்கள். ஓட்டை எதுவும் இல்லை, சூடும் ஏறிவிட்டது, அப்போதும் குதிக்கிறது என்றால் கன்வெர்ட்டர் உண்மையாகவே தளர்ந்துவிட்டது. ரேசிங் பாணிக் கன்வெர்ட்டர் அளவில் சிறியது என்பதால் புதிதாக இருந்தும் சோதனையில் தோற்பதுண்டு.

எந்த வரிசையில் தேடுவது?

முதலில் எல்லாக் குறியீடுகளையும், ஃப்ரீஸ் ஃபிரேமையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்து பேட்டரி, சார்ஜிங், எர்த். இவை சரியில்லாமல் வேறு எதைச் சோதித்தாலும் வீண். பிறகு, ராத்திரி முழுக்க நின்ற காரில் காலையில் கிளப்புவதற்கு முன் சாவியை ஆன் செய்து, தண்ணீர் வெப்பத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் ஸ்கேனரில் பாருங்கள். இரண்டும் வெளிக்காற்றின் வெப்பத்துக்கு ஓரிரு டிகிரி பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அந்தச் சென்சாரின் ஒயரைப் பாருங்கள். செலவே இல்லாத இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அதற்கப்புறம்தான் குறியீடு குறியீடாகப் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இந்தச் சோதனை எதிர்பார்க்கும் பாகமும் சூழ்நிலையும் என் காரில் இருக்கின்றனவா? இல்லையென்றால் பொய். இருந்தால், பொய் என்று நிரூபிக்கும்வரை மெய்.

பொய் என்று உறுதியானால்?

விட்ட பாகத்தைத் திரும்பப் பூட்டுவது முதல் வழி. ஈவாப் கரி டப்பா சின்னதுதான். பூட்டினால் கொட்டகையில் பெட்ரோல் நாற்றமும் இருக்காது. இரண்டாவது, இசியுவின் மென்பொருளில் அந்த ஒரு சோதனையை மட்டும் நிறுத்துவது. இங்கே சட்டம் குறுக்கே வரும். அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டு அமைப்பில் கைவைப்பது கூட்டாட்சிச் சட்டப்படி தடை. கிட் காருக்கு எந்த ஆண்டின் விதி பொருந்தும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் ஆண்டுக்கு முதல் 500 கிட் கார்களுக்கு மட்டும், பாடி எந்த ஆண்டின் காரைப் போல இருக்கிறதோ அந்த ஆண்டின் விதியைத் தேர்ந்தெடுக்கும் சலுகை உண்டு. பிரிட்டனில், தனியாகக் கட்டிய காரைச் சாலையில் ஓட்ட அனுமதிக்கும் முன் நடக்கும் ஐவிஏ சோதனையின்போது, இன்ஜினின் வயதை நிரூபித்தால் அதற்கேற்ற புகை வரம்பு. முதலில் உங்கள் காருக்கு எது பொருந்தும் என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரெசிஸ்டரைச் செருகி இசியுவை ஏமாற்றுவது. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாளை இந்தக் காரை வாங்குபவர், ஒயரிங் டேப்புக்குள் ஒளிந்திருக்கும் அந்தச் சின்னத் துண்டைத் தேடி நாட்கணக்கில் அல்லாடுவார்.

விளக்கு எரியாததும் பொய்யாகலாம்

சரிசெய்த பிறகு அந்தச் சோதனை தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் தேறினால் விளக்கு தானாக அணையும். குறியீடு நினைவிலிருந்து அழிய, இன்ஜின் குளிர்ந்து சூடாவது 40 முறை நடக்க வேண்டும். ஸ்கேனரால் அழித்தால் உடனே போய்விடும், ஆனால் அதோடு சேர்த்து எல்லாச் சோதனைகளும் ‘இன்னும் நடக்கவில்லை’ என்ற நிலைக்குத் திரும்பும். ஸ்கேனரில் ரெடினஸ் என்ற பக்கத்தில் எது முடிந்தது, எது பாக்கி என்று பார்க்கலாம்.

கிட் காரில் சில சோதனைகள் முடியவே முடியாமல் கிடக்கும். பல கார்களில் ஈவாப் சோதனை, டேங்கில் பெட்ரோல் மிகக் குறைவாகவோ நிரம்பியோ இல்லாமல் நடுவாந்தரமாக இருந்தால்தான் தொடங்கும். புதிய டேங்கின் மிதவை தாய்க் காரின் மிதவையோடு ஒத்துப்போகாவிட்டால், பாதி டேங்க் பெட்ரோல் இருந்தும் இசியுவுக்குக் காலி என்றே தெரியும். சோதனை தொடங்காது, குறியீடும் வராது. டாஷ்போர்டை மாற்றியபோது செக் இன்ஜின் பல்புக்கு ஒயர் இழுக்க மறந்திருந்தாலும் இதே அமைதிதான். சாவியை ஆன் செய்து இன்ஜினைக் கிளப்பாமல் இருக்கும்போது அந்த விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையென்றால், குறியீட்டைத் தேடும் முன் பல்பின் ஒயரைத் தேடுங்கள்.